புள்ளி

நான்காம் முறையாக வந்திருக்கிறது அதே பேட்ச்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
அனுப்பியவன் பிர்னோ நகரத்து ஓந்த்ரேய்.
முகம் தெரியாது.
காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவான்,
கோபம் வந்தால் விடமாட்டான்.
அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதுவயலில் இரவு பதினொன்றே கால்.
ஆலைகளில் நெல் அவிகிற வாடைக்கு
ஜன்னல் சாத்தியிருந்தாலும் ஒன்றுதான்,
திறந்திருந்தாலும் ஒன்றுதான்.

கூட்டிய வரிகள் பச்சை. கழித்தவை சிவப்பு.
ஒரு கேமராவைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வேலை:
மின்சாரத்தைத் திற.
கடிகாரத் துடிப்பை வாங்கு.
நினைவகத்தில் ஓர் இடம் பிடி.
பிறகு சில்லிடம் பெயர் கேள்.
தப்பாகச் சொன்னால்
பிழை எண்ணோடு திரும்பி வா.

திரும்பி வருகிறான் ஓந்த்ரேய்,
பிடித்தது எதையும் விடாமல்.
இருநூற்று நாற்பதாவது வரி.

முந்தாநாள் முத்திருளாண்டி போனில் சொன்னது
இப்போதுதான் விளங்குகிறது.
அவன் ஆலையில் அரிசி பிரிக்கும் மெஷினில்
இந்த டிரைவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.
கருப்பு அரிசி ஒன்று கண்ணில் பட்டால்
காற்றால் ஊதி வெளியே தள்ளுகிற மெஷின்.
"கேபிளைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுனேன் டிரைவரம்மா,
பதினேழு தரம் முழிச்சுச்சு, மூடுச்சு.
பதினெட்டாந் தரம் கண்ணே தொறக்கல.
கருப்பும் வெள்ளையும் ஒரே மூட்டையில விழுந்துருச்சு,
மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு
டீ குடிக்க இறங்கியவர்கள் பதினேழு பேர்.
ஒருவரும் ஏறவில்லை.
துண்டுகள் மட்டும் ஊருக்கு வருகின்றன.

ஒன்றை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று
கெர்னல் எண்ணி வைத்துக்கொள்ளும்.
கடைசி ஆள் விட்டால் சைபர்.
சைபர் ஆனால்தான் இடம் காலியாகும்.
யாரோ ஒருவர் விட மறந்தால்
இல்லாத ஆளுக்காக வைத்திருக்கும், எவ்வளவு நாளானாலும்.

சாயங்காலம் கோவில் கணக்கு வந்தது,
நோட்டும் பேனாவுமாக வயிரவன்.
அண்ணன் வீடு ஒரு புள்ளி.
அப்பச்சி போன பிறகு ஆத்தா அரைப்புள்ளி.
பேனா என் பக்கம் வந்து நின்றது.
"கல்யாணமாகாதவுகளுக்குக் கணக்கு இல்லீங்க ஆச்சி,"
என்றான், ஏதோ தள்ளுபடி தருகிறவன் போல.
நாற்பத்து மூன்று வயதில்
வரியில்லாமல் குடியிருக்கிறேன்.

சிரித்துத்தான் அனுப்பினேன்.
இப்போது இருநூற்று நாற்பதாவது வரியில்
அது வந்து உட்கார்ந்துகொண்டது.

பதில் எழுத ஆரம்பித்தேன்:
எத்தனை தடவை சொல்வது?
அழித்தேன்.
மூன்றாம் திருத்தத்தைத் திறந்து பார்த்தேன்.
அதில் இந்தத் தவறு இல்லை.
மின்சாரத்தை முதலில் திற என்று
வரிசையை மாற்றச் சொன்னது யார்?
அடியில் என் பெயர்.
அவன் மாற்றினான். மாற்றியபோது
விடவேண்டிய மூன்று வரிகள் கீழே நழுவிவிட்டன.
நான் நகர்த்தச் சொன்ன பீரோ
நகர்த்தியவன் காலில் விழுந்திருக்கிறது.

மறுபடி எழுதினேன்.
இருநூற்று நாற்பதில் திரும்பும்போது
நினைவகம், கடிகாரம், மின்சாரம்,
வாங்கியதற்குத் தலைகீழாக விட்டுவிட வேண்டும்.
போன முறை நான் கேட்ட மாற்றத்தால் வந்த வினை இது.
மன்னிக்கவும்.
இங்கே ஓர் அரிசி ஆலையில் கேமரா
பதினெட்டாம் முறை விழிக்கவில்லை, பதிவை இணைத்திருக்கிறேன்.

ஐந்தாவது சரியாக வந்தால்
அடியில் ஒரு வரி சேரும்:
பார்த்துச் சரி என்றவர், உமையாள்.
உலகத்தில் எந்த மெஷினில் அது ஓடினாலும்
அந்த வரி கூடவே இருக்கும், யாரும் படிக்காமல்.
இன்றைக்குத் தரமாட்டேன்.
பாவம் பார்த்துத் தருகிற பெயர் இல்லை அது.

அனுப்பிவிட்டு முத்திருளாண்டியின் படத்தைப் பெரிதாக்கினேன்.
ஓடும் அரிசிக்கு நடுவே ஒரே ஒரு படப்புள்ளி கருப்பு.
அரிசியா, தூசியா,
கண்ணாடியில் யார் விரலோ.
ஊதித் தள்ள மெஷினுக்கு இரண்டு மில்லிநொடி.
நான் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓந்த்ரேய் பதில் போட்டிருக்கிறான்.
'சரி, நாளை அனுப்புகிறேன்.'

காற்புள்ளிக்குப் பின்
இடைவெளி இருக்கிறது.